ஐம்பத்து நான்கு சுற்று

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், என் மனைவிக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் ஏறிய சதை இறங்கவே இல்லை. காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் ஐந்து படிகளை ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "படி அஞ்சா, அம்பதா?" என்று கேட்பேன். சிரிக்க அவளிடம் மூச்சு இருக்காது.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய தமிழ் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இது நின்னதுக்கு அப்புறம் கொழுப்பு வயித்துல போய் உக்காந்துக்கும்மா. ரத்தக் கொதிப்பு வேற இருக்கு. இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து. தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. மொதல்ல ஒடம்புல இருக்கிற சீனிதான் அதிகமா எரியும், நிக்காம நடந்தாத்தான் கொழுப்புல கை வைக்கும். எடை குறையலன்னாலும் விட்டுடாதீங்க." இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சுருட்டுப் பிடிக்க வெளியே போனேன்.

எங்கே நடப்பது? ஐம்பத்திரண்டு வயதுப் பெண் தெங்கேரா ரோட்டில் கை வீசி நடந்தால், புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள் என்பார்கள். அவளே வழி கண்டுபிடித்தாள். கோயிலைச் சுற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐம்பத்து நான்கு சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்க இடது கையில் புளியங்கொட்டைகள். சுற்றுக்கு ஒன்று வலது கைக்கு மாறும்.

யாரும் கேட்கத்தான் இல்லை. அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். தாலி கட்டிய பெண் அந்த வேகத்தில் சுற்றினால் அது புருஷன் உயிருக்காகத்தான்.

பக்கத்து வீட்டம்மா பார்லி கஞ்சியோடு வந்தாள். "மறைக்காதீங்கண்ணே. டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவளுக்குத்தான் கொழுப்பு."

"இந்த நெலமையிலயும் ஜோக்கு! நல்ல மனுஷங்கதான் சீக்கிரம் போயிடுறாங்க."

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் நான் சேலை விரித்துக் காட்டும் கடையில், முதலாளி எனக்கு முக்காலி போட்டார். எதிர்க்கடைக்காரர் பத்து வருடம் என்னிடம் பேசாதவர். அவரே வந்து கையைப் பிடித்து, "எல்லாத்தையும் மறந்துடுவோம்" என்றார். அன்றுதான் பயம் பிடித்தது. நான் சுருட்டுப் பிடித்த நேரத்தில் டாக்டர் அவளிடம் தனியாக ஏதாவது சொல்லியிருப்பாரோ? மதியத்துக்குள் நெஞ்சு வலித்தது. சாயங்காலத்துக்குள் கை மரத்தது. எந்த வேட்டியைப் போர்த்தச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் ஓடினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வாய்தான் கொஞ்சம் பெருசு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

பிழைத்தவனுக்கு வந்த திமிர் இருக்கிறதே! அவளை அரிசிக்கடைத் தராசில் ஏற்றி நிறுத்தேன். இரண்டு மாதச் சுற்றலுக்கு ஒரு ராத்தல்கூடக் குறையவில்லை.

"ஊரே எனக்குச் சங்கு ஊதிடுச்சு. போதும், நிறுத்து."

"படி ஏறுறப்ப இப்ப மூச்சு வாங்குறதில்லைங்க."

"அதெல்லாம் ஒன் நெனப்பு."

புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். ஊர் என் உடம்பை விசாரிப்பதை விட்டது. எதிர்க்கடைக்காரர் மறுபடியும் பேசாமலானார். சில மாதங்களில் அவள் கை மறுபடியும் கதவுக்குப் போனது. பார்த்தேன். "படி அஞ்சா, அம்பதா?" என்று அதே பழைய ஜோக்கைச் சொன்னேன்.

ஒரு காலை மூன்றாம் படியில் உட்கார்ந்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். வாய் கோணியிருந்தது.

உயிர் தங்கியது. இடது கையும் காலும் போயின. ஆஸ்பத்திரியில் டாக்டர், "நடையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பெரிய வாய்தான், ஒன்றும் வரவில்லை. அவள் குழறிக் குழறிச் சொன்னாள்: "நான்தான்... சோம்பேறித்தனமா... விட்டுட்டேன்."

இந்தக் காலோடும் முடிந்தவரை நடக்கவேண்டும் என்றார் டாக்டர். காலையில் அவளைத் தாங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறேன். கொட்டைகள் அவள் வலது கையில் இருக்கும். இடது கை வாங்காது என்பதால், சுற்றுக்கு ஒன்று என் கைக்கு வரும். பக்கத்து வீட்டம்மா எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். யாருக்காகச் சுற்றுகிறோம் என்று இப்போது அவள் முடிவு கட்டுவதில்லை.

நேற்று இரண்டாம் சுற்று முடிந்ததும் அவளுக்கு உதறல் எடுத்தது. "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அந்தச் சொல்லை என்னிடமிருந்து அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். இழுபடும் காலை மூன்றாம் சுற்றுக்குத் திருப்பினாள்.