நாகபுரியிலிருந்து போட்ட நாலு கார்டு

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு வீடு இருந்தது. நான் இருந்ததோ நாகபுரியில், ரயில்வே நிலக்கரிக் கிடங்கில் குமாஸ்தாவாக. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வெளியூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் புத்திசாலிகளில் நானும் ஒருவன். என் வீட்டில் குடியிருந்தவர் பல்லடம் பக்கத்துக்காரர், பஞ்சாலை ஒன்றில் வேலை. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். சித்திரை பிறந்ததும் வருஷ வாடகையை மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முப்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் என் மனைவிக்கு இருமல் பிடித்தது. கரித்தூள் நெஞ்சில் இறங்கியிருக்கிறது, ஊர்க் காற்றுக்கு அனுப்பு, தாமதித்தால் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். பிறந்த வீடு என்று சொல்ல அவளுக்கு யாரும் மிச்சமில்லை. போக்கிடம் அந்த ஒரு வீடுதான்.

அன்றைக்கே கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கார்டு எழுதினேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, வீட்டைக் காலி செய்து தர வேண்டும் என்று. பதில் இல்லை. மாதம் ஒன்றாக இன்னும் மூன்று எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான். முதல் கார்டில் 'தாங்கள்', இரண்டாவதில் 'நீங்கள்', மூன்றாவதில் 'நீர்'. நாலாவதில் எழுதியதை இங்கே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இருமலோ நின்றபாடில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். பெஜவாடா வருவதற்குள் அந்தக் குடித்தனக்காரரை மனசுக்குள் சட்டி பானையோடு தெருவில் நிறுத்திவிட்டேன்.

"மொதல்ல ஆளப் பாருங்க, அப்பறம் வையலாம்" என்றாள் அவள்.

ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்தோம். அவளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கிக் கதவைத் தட்டினேன். திறந்தவள் அந்தப் பெண்சாதி, நிறைமாதம். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூட மறந்து நின்றேன். உள்ளேயிருந்து புருஷன் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க வருகிறவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

"மனசத் தேத்திக்கோணுமுங்க. அம்மணி மகராசியாப் போயிட்டாங்க."

"எந்த அம்மணிங்க?"

"உங்க ஊட்டு அம்மணிதானுங்க. மேலுக்குச் சொகமில்லீன்னு நீங்க முன்னாடி போட்ட காயிதத்துலயே கேள்விப்பட்டோம். அப்பறம் நாகபுரில இருந்து கரி வெச்ச கார்டு வந்துபோட்டுதுங்களே!"

சாவுச் செய்தி எழுதும் கார்டின் மூலையில் கரி தடவுவது வழக்கம். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். இரண்டு பேருக்கும் எழுத்து வராது, மற்றக் கடிதங்களைத் தபால்காரர்தான் படித்துச் சொல்வார். பத்து வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறவள் கண்ணில் சாவுக் கார்டு படக் கூடாதென்று, யாரையும் படிக்கவிடாமல் இவர் வாசலிலேயே கிழித்துவிட்டிருக்கிறார். நிலக்கரிக் கிடங்கில் உட்கார்ந்து கழுவாத கையால் எழுதிய மடையன் நான்.

"நாலு கார்டு வந்துச்சுங்களே?"

"மொதக் கார்டு சாவுங்க. ரெண்டாவது கருமாதிங்க."

"மத்த ரெண்டு?"

"பாவம், உங்களுக்கு இன்னும் ஆறலீன்னு நெனச்சோமுங்க."

"ஒரு பதில் போட்டிருக்கலாமில்லீங்க?"

"துக்கத்த நேருல வந்துதானுங்க கேக்கோணும். கார்டுல கேட்டா மரியாதிங்களா?"

நாலு மாதமாக வீடு, வீடு என்று கொதித்தேனே தவிர, மனைவி போய்விடுவாளோ என்ற பயத்தை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மனிதரோ அதை நடந்து முடிந்த காரியமாகவே சொல்லிவிட்டார். திரும்பி ஜட்காவைப் பார்த்தேன்.

"ஏனுங்க, என்ர கருமாதிக்கு வடை சுட்டீங்களா?" என்று இருமலுக்கு நடுவே குரல் வந்தது.

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். இருவரும் அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

நிறைமாதக்காரியை வீடு மாற்றச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "எனக்கு வாசல் ரூம் ஒண்ணு போதும்" என்று மனைவியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். லீவு முடிந்து நான் மட்டும் புறப்பட்டேன். அவளுக்கும் எழுதத் தெரியாது. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த குடித்தனக்காரரிடம், அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரையாவது எழுதச் சொல்லி வாரம் ஒரு கார்டு போடும்படி கெஞ்சினேன்.

"நல்லா இருந்தா கார்டு எதுக்குங்க? வரலீன்னா நல்லா இருக்காங்கன்னு வெச்சுக்குங்க" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கார்டும் வரவில்லை. தபால்காரர் என் மேஜையைத் தாண்டிப் போன ஒவ்வொரு நாளும் மருதமலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.