முனையில் டேப் சுற்றாத வார்த்தைகள்

போன புதன்கிழமை காலை. கடலூரில் ஒரு சர்ச். இரண்டாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் நாலாக மடித்த தாள். அதில் ஒரு பிரார்த்தனை. நாலே வரி. இங்கிலீஷ்.

என் முறை வர இன்னும் மூன்று பேர். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா மகள் ஜெனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மும்பை. அவர்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதனால் பூசை முழுக்க இங்கிலீஷ். நடுவில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மன்றாட்டு படிப்பார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் மொத்த சர்ச்சும் 'லார்ட், ஹியர் அவர் ப்ரேயர்' என்று பதில் சொல்லும்.

கடைசி மன்றாட்டு இறந்துபோனவர்களுக்கு. அதாவது, என் அக்காவுக்கு. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

"தாய்மாமன் நீங்க இருக்கீங்க. அம்மாவுக்கு வேற யாரு மாமா படிப்பா?" என்று ஜெனி போனில் கேட்டாள். சரி என்றுவிட்டேன். அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் தாள் வந்தது. அதில் மூன்று வார்த்தை என் வாய்க்கு அடங்கவில்லை.

ஹெல்ப்ட். ரெஸ்ட். ஸ்ட்ரெங்த்.

நான் பத்தாவது வரைதான். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். சிதம்பரத்தில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். பல்பு, சுவிட்சு, ஃபியூஸு, பிளக்கு... நாளெல்லாம் நான் பேசுவது இங்கிலீஷ்தான். கடைசியில் ஒரு 'உ' இருக்கும், அவ்வளவுதான்.

ஏன் அந்த 'உ'? யோசித்துப் பார்த்தேன். வயரை வெட்டினால் முனையில் டேப் சுற்றுவோம் இல்லையா? சுற்றாமல் விட்டால் கை பதறும். வார்த்தையை 'ட்' என்றோ 'ப்' என்றோ அப்படியே விடுவதும் எனக்கு அதே பதற்றம்தான். வாய் தானாக டேப் சுற்றிவிடுகிறது.

ஜெனி ஒரு வைத்தியம் சொன்னாள். "தாடைக்குக் கீழ கையை வைங்க மாமா. 'ரெஸ்ட்' சொல்லுங்க. தாடை ஒரு தடவைதான் கையில இடிக்கணும். ரெண்டு தடவை இடிச்சா 'உ' வந்துடுச்சுன்னு அர்த்தம்."

வைத்துப் பார்த்தேன். ரெஸ்டு. ரெண்டு இடி.

அன்று ஆரம்பித்தது. கடையிலும் தாடையில் கை. கீரப்பாளையத்திலிருந்து வரும் வாடிக்கைக்காரர் ஒருவரிடம், "பல்ப்... எத்தனை வாட்?" என்றேன். அவர் என் முதலாளியைப் பார்த்து, "என்னா, உங்க ஆளுக்குப் பல்லு வலியா?" என்றார். முதலாளி நிமிரக்கூட இல்லை. "ஒரு வாரமா அப்படித்தான் கெடக்குறாரு. கிராம்பு வெச்சுக் கடிய்யான்னா கேக்க மாட்டேங்குறாரு."

கடலூர் பஸ்ஸிலும் அதே கதை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து 'ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரெங்த்' என்று முனகிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் ஓடி வந்தார். "சார், வாந்தி வருதா? தலைய வெளிய நீட்டாதீங்க, கவர் தர்றேன்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை. மைக் முன்னால் நின்றேன். ஒரு வாரமாக வாலை வெட்டி வெட்டி, கடைசி எழுத்தே வராமல் போய்விட்டது. 'ரெஸ்...' 'ஸ்ட்ரெங்...'

"வாலை வெட்டச் சொன்னா தலையையும் சேர்த்து வெட்டிட்டீங்களே மாமா!" என்று ஜெனி சிரித்தாள். அது பாசத்தில் வந்த சிரிப்பு. மாப்பிள்ளையின் அத்தை கர்ச்சீப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அது வேறு.

அக்கா வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், கஷ்டமா இருந்தா விட்டுடு. அந்த அத்தையம்மா நல்லா படிப்பாங்களாம். ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க."

"சரி மாமா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை சுலபம்! ஆனால் அந்த அம்மா என் அக்காவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அக்கா எப்படி இருப்பாள், எப்படிச் சிரிப்பாள், எதுவும் தெரியாது. அவர் வாயால் என் அக்கா பேரா?

"நானே படிக்கிறேன் மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

என் முறை வந்துவிட்டது. எழுந்தேன். ஆறே எட்டு எடுத்து வைத்து மைக் முன்னால் நின்றேன். முன்வரிசையில் மும்பை. அத்தை மடியில் அதே கர்ச்சீப். பின்னால் எங்கள் ஆட்கள், கடலூரும் சிதம்பரமும்.

முதல் வரி. ஹெல்ப்ட். வந்துவிட்டது! தாடை ஒரே ஒரு தடவை அசைந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. இன்னும் 'ரெஸ்ட்', 'ஸ்ட்ரெங்த்' இரண்டும்தான் பாக்கி. நடுவில் ஒரு சின்ன வார்த்தை. அதைப் பழகவே இல்லை. பழக என்ன இருக்கிறது? கடைசியில் 'ஆ' என்று வாய் தானாகத் திறக்கிற வார்த்தை.

ஃபிலோமினா. அக்கா பேர்.

சொன்னேன். அத்தோடு தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த எழுத்து வரவில்லை. மைக்கில் என் மூச்சுதான் கேட்கிறது. ஒரு விநாடி... இரண்டு... ஜெனி முக்காட்டை விலக்கி என்னைப் பார்க்கிறாள். பூசை வைக்கும் சாமியார் மெதுவாக எழுந்திருக்கப் பார்க்கிறார். அத்தை எட்டிப் பார்க்கிறார், தாளை வாங்கிக்கொள்ளலாமா என்பது போல.

அப்போது பின்வரிசைகளிலிருந்து எழுந்தது ஒரு சத்தம்.

"லார்டு, ஹியரு அவரு ப்ரேயரு!"

மன்றாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்! கூட்டுப்பாட்டு மாதிரி, கணீரென்று, ஒரு வார்த்தைக்குக்கூட டேப் சுற்றாமல் விடவில்லை. சர்ச் முழுக்க அந்த 'உ' சுற்றி வந்தது.

எனக்குத் தொண்டை திறந்துகொண்டது.

மீதி இரண்டு வரியையும் படித்தேன். ரெஸ்டு. ஸ்ட்ரெங்த்து. கடையில் பில்லு போடச் சொல்கிற குரலில், சத்தமாக. முடித்ததும் எங்கள் ஆட்கள் மறுபடி பதில் சொன்னார்கள். இந்தத் தடவை மும்பை வரிசையும் சேர்ந்துகொண்டது.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த அத்தை என் எதிரே வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கர்ச்சீப் நனைந்திருந்தது. இறந்தவர்களுக்கான பிரார்த்தனைக்கு மட்டும் இரண்டு தடவை பதில் சொல்வது உங்கள் ஊர் வழக்கமா என்று இங்கிலீஷில், நிதானமாகக் கேட்டார்.

"யெஸ்ஸு" என்றேன். தாடை இரண்டு தடவை அசைந்தது.