பக்கத்து மனையில் முளைத்த பிள்ளையார்

எண்பதுகளின் கடைசியில் கீழ்க்கட்டளையில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, அந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றுதான் வீடு. மற்றதெல்லாம் சீமைக்கருவேல முள். கிரகப்பிரவேசம் முடிந்த வருடமே என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. எனக்குப் பல்லாவரத்தில் பள்ளிக்கூட வேலை. சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்தால் மறுநாள் காலை வரை வாய்க்கு வேலையே கிடையாது. ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

எனக்கிருந்த ஒரே பிடிப்பு, வீட்டை ஒட்டி நாங்கள் வாங்கிப் போட்டிருந்த காலி மனை. அதில் என் தங்கை வீடு கட்டிக் குடிவருவதாகப் பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குழந்தைகள் சண்டை போடும் சத்தம் கேட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

அதற்கும் அடுத்த மனை, தாம்பரத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரியவருடையது. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், பால் பாக்கெட்டுக்காக வாசலில் நின்றபோது, அவர் ஒரு கோணி மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் போவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், மனையைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, பூமிக்குள்ளிருந்து சுயம்புவாகப் பிள்ளையார் வந்திருக்கிறார் என்று அவரே ஊரைக் கூட்டிவிட்டார். மஞ்சள் துணி, தேங்காய், கற்பூரம். சுயம்புவை இம்மியும் நகர்த்தக் கூடாது என்று எச்சரிக்கை வேறு.

பார்த்தால் பிள்ளையார் என் மனைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருந்தது. காலி மனையில் பிள்ளையார் உட்கார்ந்தால் அப்புறம் அது கோயில் இடம். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் வைத்ததுதான் சட்டம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இப்படிப் போன மனைகள் உண்டு. தனி மனுஷி நான், யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஒரு சர்வேயரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் அளந்து பார்த்து, மழைத் தண்ணீரில் புதைந்துபோயிருந்த எல்லைக்கல்லைத் தோண்டிக் காட்டினார். பிள்ளையார் இருந்தது என் மனையில் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம், பெரியவரின் சொந்த மனையில்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே, சாமியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாமே என்று ஆரம்பித்தார். சுயம்புவை நகர்த்துவதாவது என்று ஜனங்கள் அவர்மேலேயே பாய்ந்தார்கள். சீக்கிரமே கீற்றுக்கொட்டகையும் எழும்பிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டீச்சரம்மா, அன்னிக்கு மூட்டையோட என்னைப் பாத்தீங்களே. நான்தான் வெச்சேன்னு நீங்க சொன்னா நம்புவாங்க."

"யார் மனையில வைக்கப் போனீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுதுலதாம்மா."

கணவர் போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பாவமாக இருந்தது. மகளுக்கென்று வைத்திருந்த மனையாம். அதோடு, பல மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்த ஒரே மனிதரும் அவர்தான், என்ன செய்ய. அவரோடு கிளம்பிப் போய், கொட்டகை முன்னால் எல்லாரிடமும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அடி விழும் என்று பயந்தாரோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நான் எதுக்குங்க வைக்கப்போறேன்? சாமி தானா வந்துச்சு" என்றார்.

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்துவந்து என் நெற்றியில் விபூதி பூசினாள். "வுடுங்க, பாவம். ஒண்டியா கீது. பேச ஆளில்லன்னா இப்டித்தான், எதையாச்சும் பாத்த மாதிரி இருக்கும்."

யாரும் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் என்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். விஷயம் தங்கை வீட்டுக்காரர் காதுக்கும் போனது. அக்காவுக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் எப்படி என்று யோசித்து, அவர்கள் வேளச்சேரியில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மனை எனக்கே நின்றது. அதில் இன்னும் முள்தான் வளர்கிறது. பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும்.

பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். தன் மனைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று கும்பிட்டு, திரும்பும்போது என் வாசலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று இந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அவர் வராத வெள்ளிக்கிழமைகளில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடுகிறது.