கைக்காசுக்கு வாங்கிய பிரிட்ஜ்

என் கணவர் கடன் வாங்காத மனிதர். இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஏனென்றால் அவரே எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். சைக்கிள் கைக்காசு, தொலைக்காட்சி கைக்காசு, வீட்டுக்குப் போட்ட ஓடும் கைக்காசு. தவணைக்குப் பொருள் எடுத்த வீடுகளைக் கடந்து போகும்போது அவருடைய நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

முழுக்க அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருடைய தம்பி லீசிங்கில் ஓட்டோ எடுத்தார். மூன்று தவணை பிந்தியதும், சந்தியில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, லீசிங் கம்பனிக்காரர் உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு ஓட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் என் கணவர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக எடுத்த சம்பளத்தில் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சத்தை இவர்தான் கட்டினார். அதற்குப் பிறகு தவணை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும். அது எனக்கு விளங்கும். நான் விளங்கிக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம். குளிசைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசிக்கு வந்தபோது கிளினிக்கில் தாதி கேட்ட முதற் கேள்வி, வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்பது. இல்லை. அதனால் மருந்துக் குப்பியை முன்வீட்டு அக்காவின் பிரிட்ஜில் வைத்தேன். அவருடைய பிள்ளைகள் கனடாவிலிருந்து காசு அனுப்பி வாங்கிக்கொடுத்தது. காலையில் ஒருதரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருதரம், ஊசியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடப்பேன். அக்கா தங்கமான மனுஷி, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முகம் சுளித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் விருந்தாளிகளோடு இருப்பார், பிள்ளைகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருப்பார், நான் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வருவேன். வருடக்கணக்கில் இப்படிச் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்கும் ஒன்று வாங்குவோம் என்று கேட்டேன். காசு சேரட்டும் என்றார். சேர்த்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தேநீரில் பால்மா குறைந்தது, கோயில் திருவிழாவுக்கு அவர் புது வேட்டி எடுக்கவில்லை. காசு பாதிக்கு மேல் சேர்ந்திருந்த நேரத்தில் டொலர் ஏறியது. காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் பிரிட்ஜின் விலை இரண்டு மடங்கையும் தாண்டிப் போனது. மாதம் ஒருமுறை கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வருவார்.

நான் ஒருநாள் தனியே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். முன்பள்ளியில் படிப்பிப்பதற்கு எனக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மாதத் தவணையைக் கட்டிவிடலாம். கடையில் இருந்த பெண் கணக்குப் பார்த்துச் சொல்லி, படிவமும் தந்தாள். பிணைக்குக் கணவரின் கையெழுத்து வேண்டும். படிவத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி வைத்தேன். மூன்றாம் நாள் அது அலுமாரிக்குள், பழைய மின்சார பில்களோடு மடிந்து கிடந்தது.

“இஞ்சரும், காசு கட்டி முடியாத, ஆற்றையோ பெட்டியை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு எனக்கு நித்திரை வராது. காசு முழுக்கச் சேரட்டும், ராசா மாதிரிப் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்றார்.

நான் திரும்பக் கேட்கவில்லை. அது பொறுமை இல்லை, கோபம். வாயை மூடிக்கொண்டு அவரைத் தண்டிப்பதாக நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஆனி மாதம் அவருடைய பெரியப்பா காலமானார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கோடு பிறத்தியார் வீட்டுக்குள் போவதில்லை. அத்தோடு கோயிலில் கொடி ஏறியிருந்தது, அக்கா வீட்டில் எல்லாரும் விரதம். படலைக்கு வெளியே நின்று கூப்பிடு, நான் கொண்டுவந்து தருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். ஆனால் விரதக்காரியை நாளுக்கு இரண்டுதரம் அடுப்படியிலிருந்து எழுப்பித் துடக்குக்காரி முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. குப்பியை அவரிடம் வாங்கிவந்து, ஈரமணல் நிரப்பிய மண்முட்டியில் வைத்து, குசினி மூலையில் விட்டேன். பிரிட்ஜ் இல்லாதவர்கள் அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மணல் காயாமல் தண்ணீர் ஊற்றவேண்டும். செத்தவீட்டு வேலைகளுக்குள் எத்தனை நாள் மறந்தேனோ தெரியாது. கண்ணாடிக்குள் மருந்து எப்போதும்போல் தெளிந்த தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. நேரம் தவறாமல் குத்திக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் வேலிப் பனைமட்டையின் கருக்கு காலில் கீறியது. சின்னக் காயம். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் பலகாரம் சுட்டபோதும் அந்தக் காலோடுதான் நின்றேன். துடக்குக் கழிவதற்குள் வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்ற என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்து சூட்டில் கெட்டதாலா, காயத்தைக் கவனிக்காததாலா என்று டொக்டர் சொல்லவில்லை. எனக்கு அவர் சொல்லத் தேவையில்லை.

நான் வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் பிரிட்ஜ் வந்தது. லொறியிலிருந்து இறக்கும்போது ஒழுங்கையே பார்த்தது. முழுக்காசு கொடுத்ததற்குக் கடையில் ஒரு றைஸ் குக்கர் இனாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலடியில் வந்து நின்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கவேண்டும். தன்னுடைய கெட்டித்தனத்தையும் சொன்னார்: காசு சித்திரையிலேயே சரிவந்துவிட்டதாம். வட்டி நல்லாய் இருந்ததால் வங்கியில் நாலு மாத நிலையான வைப்பில் போட்டு வைத்தாராம். இடையில் முறித்தால் வட்டி போய்விடும், ஆவணியில் முதிர்ந்ததும் எடுத்தாராம்.

சித்திரை. நான் விரல்விட்டு எண்ணினேன். வைகாசி, ஆனி. ஈரமணலில் என் மருந்து கிடந்த நாட்களில் இந்தப் பிரிட்ஜுக்கான முழுக்காசும் வங்கியில் இருந்திருக்கிறது.

“பாரும், ஒரு சதம் கடன் இல்லை” என்றார்.

“உங்களுக்கு இல்லை. தவணை முழுக்க நான் கட்டினனான்” என்றேன்.

அவர் றைஸ் குக்கரைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

பிரிட்ஜ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. குசினியில் இடம் போதாததால் முன்னறையில் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் காண்பார்கள். எவ்வளவு என்று கேட்பார்கள். பழக்கதோஷம், கைக்காசு என்று அவர் தொடங்குவார். முன்பெல்லாம் ஆட்கள் வந்தால் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வேன். இப்போது இழுப்பதில்லை. அவருக்கு எதிரே கதிரையில் இருந்து வலது காலை நன்றாக நீட்டி வைக்கிறேன். வந்தவர்கள் பிரிட்ஜைப் பார்ப்பார்கள், பிறகு கீழே பார்ப்பார்கள். அவர் கதையைப் பாதியில் விட்டுவிடுவார்.