ஈர வரிசை

1968 மார்ச் 9. அன்றுதான் இவ்வூர் நாளிதழ் என் மருமகன் எவரிஸ்தோவை ‘ஓடிப்போனவர்’ என்று அச்சிட்டது. ‘காணாமற்போனவர்’ வேறு, ‘ஓடிப்போனவர்’ வேறு. அந்த ஒரு சொல்லால் என் மகள் நெலிதா, எங்கள் ரொசாரியோ நகர் முழுவதற்கும் கணவன் கைவிட்டவள் ஆனாள். இதற்குக் கீழே நான் எழுதுவதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.

அந்நாளிதழின் காகித உருளைகள் பரானா ஆற்றங்கரைக் கிடங்கில்தான் இறங்கும். எவரிஸ்தோ அங்கே அவற்றை அடுக்குபவன். அவன் காணாமற்போன மூன்றாம் வாரம், அவனுடைய மேற்சட்டையை வாங்கிவரச் சென்றேன்.

நடுப்பகல். ஆட்கள் உறங்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். மேற்பார்வையாளர் பசுவால்தோ மட்டும் குடுக்கையிலிருந்து மத்தே என்னும் இலைக் கசாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மருமகனைப் பற்றிக் கேட்டேன்.

“உங்க இலக்கணத்துக்குப் பயந்து ஓடிட்டானோ என்னவோ, வாத்தியாரே.”

பேசியபடியே உருளைகளை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நடந்தார். உலர்ந்தது ‘டங்’ என்னும். நனைந்தது ‘தொப்’ என்னும். ஆற்றுச்சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் அவர் கை நின்றது. அங்கே ஏதோ அழுகிய வாடை. செத்த மீன் என்றார்.

“இதைத் தட்டலையா?”

“அது ஈரம் ஏறின வரிசை. கடைசியிலதான் பிரிப்போம்.”

நானே தட்டினேன். தொப்.

உள்ளிருந்து... தொப்.

“எலி,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருமுறை தட்டினேன்.

தொப்... தொப்.

“யார் உள்ளே?”

தொப். தொப். தொப். தொப்.

நான்கு. அவன் பெயரை உச்சரித்தால் நான்காக முறியும்.

எ... வ... ரிஸ்... தோ.

பசுவால்தோவின் மத்தேக் குடுக்கை தரையில் விழுந்தது. வெளியே ஓடி, வீடுகளில் உறங்கிய ஆட்களைக் கூவி எழுப்பி அழைத்துவந்தார்.

உருளைகளைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினால், வட்டங்கள் சேராத இடத்தில் கிணறுபோல் ஓர் இடைவெளி விழும். எவரிஸ்தோ அதற்குள் நின்றுகொண்டிருந்தான்.

மேலிருந்து விழுந்ததும் கழுத்து முறிந்திருக்கிறது என்றார் மருத்துவர். அக்கணமே உயிர் போயிருக்கிறது. அதாவது, நான் தட்டியதற்கு மூன்று வாரம் முன்பே.

அந்த இடம் இப்போது வெறுந்தரை. நடுப்பகலில் இன்னும் அங்கே நான்கு முறை தட்டும் ஓசை கேட்கிறதாம். ஆட்கள் அப்பக்கம் போக மறுக்கிறார்கள். நாளிதழோ இன்றுவரை ஒரு வரியும் திருத்தவில்லை.

வாசகரே, நீங்கள் காசு கொடுத்து வாங்கும் நாளிதழ் அது. ‘ஓடிப்போனவர்’ என்பதை அடித்துவிட்டு ‘இறந்தவர்’ என்று அச்சிடச் சொல்லி இன்றே எழுதுங்கள்.