ஒரு நாள் முந்தி வந்த பயணம்

றியாத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலமாம். கொழும்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் அதைப்போல இரண்டு மடங்கு. "கடலத் தாண்டுறது லேசு புள்ள, மலையத் தாண்டுறதுதான் பெரும்பாடு" என்று என் கணவர் கசட் நாடாவில் கதைத்துப் பதிந்து அனுப்பியிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கடிதமும் கசட்தான், கணவரும் கசட்தான்.

மகள் வயிற்றில் இருக்கும்போது போனவர். அவளோ இப்போது வாய்க்கு வாய் பேசும் வயதுக்கு வந்துவிட்டாள். "வாப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டால் "பெருநாளைக்கு" என்பேன். நோன்பு மாதம் முழுக்க அதே கேள்வி, அதே பதில். பகலில் பாயில் சரிந்து கிடப்பேன். நோன்பு மயக்கத்தில் கடல் இரைச்சலும் விமான இரைச்சலும் ஒன்றாகிப்போகும். அவர் மேகத்துக்குள்ளால் நடந்து வருவார், வந்துகொண்டே இருப்பார்.

அங்கே பிறை எங்களுக்கு முந்திவிட்டது. பெருநாள் தொழுகையை முடித்து, சோறு தின்று, விமானம் ஏறி, இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி அவர் வாசலில் வந்து நின்றபோது எங்களுக்கு இன்னும் நோன்பு. முதல்நாள் மாலை கடற்கரைக்குப் பிறை பார்க்கப் போனவர்கள் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். கசங்கிய பெருநாள் சட்டையில் அத்தர் மணந்தது. "பெருநாளக் கழிச்சிட்டு நோன்புக்கு வந்து நிக்கிறீங்களே மச்சான்!" என்று சிரித்தேன், அழுதேன்.

மகள் என் பின்னால் ஒளிந்தாள். "இந்த மாமா யாரு உம்மா?"

"உங்கட வாப்பா, மகள்."

"பொய். வாப்பா பெருநாளைக்குத்தானே வருவாரு. பெருநாள் நாளைக்கி."

அவர் கதைக்கக் கதைக்க அவள் கசட் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அது ஓடவில்லை. எனக்கு வந்த ஆத்திரம்! அவளை அடிக்கவா, அந்தப் பிறையை அடிக்கவா?

"விடு புள்ள. நாளைக்கி வாறன்" என்றார் அவர். சொந்த வீட்டில் விருந்தாளிபோல நாற்காலி நுனியில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம் அவள்தான் கோப்பையைக் கொண்டுபோய், "மாமா, கஞ்சி குடிங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

மறுநாள் பெருநாள். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகத் தொழப் போனவர், பயணப் பெட்டியையும் கையோடு தூக்கிப் போனார். பள்ளியில் எல்லாரும் சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். திரும்பி வந்து படலையைத் திறந்து சத்தமாக ஸலாம் சொன்னார்.

"வாப்பா!" என்று ஓடிப் போய்க் கழுத்தில் தொங்கினாள். யா அல்லாஹ், அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை நாள் காத்துக் கிடந்தேன்!

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "வாப்பா, நேத்து ஒரு மாமா வந்தாரு. பாவம். அவரு பெருநாளைக்கி அவர்ர வீட்ட போய்ச் சேந்திட்டாரா?"

"ஓம் மகள்" என்றார் அவர். "இப்பதான் போய்ச் சேந்தாரு."