ஏகாம்பரம் அவர்கள் தந்த காபி

போன செவ்வாய்க்கிழமை காலை, காட்டுப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு முனுசாமி தயங்கி நின்றார். "தலைவர் தவறிட்டாரு சார்" என்றார். வெள்ளானூருக்கு அப்பால் ஒரு சிறு ஊராட்சியின் தலைவராக இருந்த ஏகாம்பரம் அவர்களைத்தான் சொன்னார். முனுசாமி அங்கே எழுத்தராக இருந்தவர். நான் அந்த ஊராட்சியின் கணக்கைத் தணிக்கை செய்தவன். அஞ்சலி எழுத எனக்குத் தகுதி இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அறுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் ஏரி உடைந்து அங்கே குடிசைகள் மூழ்கின. அரசு நிவாரணம் வந்துசேரும்வரை, ஒன்பது நாள், பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார் தலைவர். சாலை போடுவதற்காக அரசு தந்த மானியம்தான் அதற்குச் செலவானது.

அடுத்த கோடையில் தணிக்கைக்குப் போனேன். சட்டமன்றம் எதற்கு ஒதுக்கியதோ அதற்குத்தான் செலவிட வேண்டும், தர்ம காரியமானாலும் அரசியல் சட்டம் போட்ட வேலியைத் தாண்டக்கூடாது என்று அவருக்கு வகுப்பே எடுத்தேன். பெரிய மேதை என்று நினைப்பு எனக்கு. சாப்பிட்டவர்கள் சாலைக்கு ஆளுக்கு இரண்டு கூடை மண் சுமந்ததாகக் கூலிப் பட்டியல் போட்டிருந்தால் விட்டிருப்பேன் என்றும் சொன்னேன்.

"சொமக்காத மண்ண சொமந்தாங்கன்னு எப்டி சார் எழுதறது? சோறு போட்டேன், அத்தத்தான் எழுதிகீறேன்" என்றார்.

பதினோரு மணிக்குக் காபி வந்தது. கெட்டிப் பால், நல்ல மணம். தணிக்கைக்குப் போகிற இடமெல்லாம் எங்களுக்கு இந்த உபசாரம் உண்டு. அலுவலகச் சில்லறைச் செலவில் எழுதிவிடுவார்கள். நாங்களும் கண்டுகொள்ள மாட்டோம். காபியைக் குடித்துவிட்டு ஆட்சேபணையை எழுதி முடித்தேன்.

தொகை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. விலக்குத் தரலாம் என்று நான் ஒரு வரி பரிந்துரைத்திருக்கலாம். கறாரான ஆள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த இரண்டு கறவை எருமைகளையும் விற்றுக் கட்டினார்.

மறுவருடம் போனபோது முகம் கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு வந்த காபி தண்ணீராக இருந்தது. ஓட்டலை மாற்றிவிட்டீர்களா, போன வருடக் காபி மாதிரி இல்லையே என்றேன். சிரித்துக்கொண்டே, "ஆமா சார், மாத்திட்டோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை, சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது இதை முனுசாமியிடம் சொன்னேன். ஏழைகளின் சோற்றுக்குச் சட்டம் பேசியவன், என் காபி எந்தச் சட்டத்தில் வந்தது என்று கேட்டதே இல்லையே என்று புலம்பினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"உங்க காபி கணக்குல ஏறவே இல்ல சார். பின்னால உங்க பேருல குத்தம் வரும்னு தலைவரு ஏத்த வுட மாட்டாரு. ரெண்டாவது வருசம் கைக்காசு போட்டு ஓட்டல்ல வாங்கினாரு. மொத வருசம் வந்தது அவங்க ஊட்டு எருமப் பாலு."

தலைவரே, அந்தப் பாலைக் குடித்துவிட்டுத்தான் அந்த எருமைகளை விற்க வைத்தேன். உங்கள் சிதையருகே நின்றபோது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலைத் தொட்டிருப்பேன். போய் வாருங்கள், ஐயா.